உங்களுக்குத் தெரியுமா? 800 விக்கெட்டின் மலையக வேர்

உலக டெஸ்ட் கிரிக்கெட்டில் அதிக விக்கெட் எடுத்தவர் முத்தையா முரளிதரன். அவருடைய தாத்தா, தேயிலைத் தோட்ட வேலைக்காக 1920இல் தென்னிந்தியாவிலிருந்து மலையகம் வந்தவர். தாத்தா பின்னாளில் ஊர் திரும்பிவிட்டார். பிள்ளைகள் இங்கேயே தங்கினார்கள். தோட்டத் தமிழரில் பெரும்பாலானோரை 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர்களாக்கியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான், இலங்கைத் தொப்பியோடு அவர் மைதானத்தில் இறங்கியதன் பெருமை புரியும்.

கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் முரளி முதலில் மிதவேகப் பந்துதான் வீசினார். பதினான்கு வயதில் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ சொன்ன யோசனையால் சுழலுக்கு மாறினார். 1992இல் கொழும்பில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட்.

ஓஃப் ஸ்பின்னர்கள் வழக்கமாக விரலால் பந்தைத் திருப்புவார்கள். முரளியோ மணிக்கட்டைச் சுழற்றினார். பிறவியிலேயே முழங்கை முழுதாக நிமிராது. அதனால் பந்தை எறிகிறார் என்று பழி வந்தது. 1995 மெல்போர்ன் டெஸ்டில் நடுவர் டெரல் ஹெயார் ஏழு முறை ‘நோ போல்’ கொடுத்தார். ஆய்வுகூடப் பரிசோதனைகளுக்கு முரளி திரும்பத் திரும்ப உட்பட்டார். எல்லாப் பந்துவீச்சாளர்களுக்கும் முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்ற விதி பின்னர் வந்தது.

1998இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 16 விக்கெட். ஒருநாள் போட்டிகளில் மொத்தம் 534.

2010 ஜூலை, காலி. இந்தியாவுக்கு எதிரான கடைசி டெஸ்டில் இறங்கும்போது 800க்கு எட்டு விக்கெட் தேவை. முதல் இன்னிங்ஸில் ஐந்து, இரண்டாவதில் இரண்டு. பிறகு பிரக்யான் ஓஜாவின் மட்டை விளிம்பில் பட்டுப் பறந்த பந்தை ஸ்லிப்பில் மஹேல ஜயவர்தன பிடித்தார். டெஸ்ட் வாழ்க்கையில் முரளி வீசிய கடைசிப் பந்து அதுதான்.