பகையாளியின் சட்டத்தைக் காத்தவர்

ஸ்பீல்பெர்க்கின் ‘லிங்கன்’ படம் பார்த்தவர்களுக்கு தாடியஸ் ஸ்டீவன்ஸை நினைவிருக்கும். அடிமைமுறையை ஒழிக்க வாஷிங்டனில் வாதாடிய கிழவர். ஆனால் அதற்கு முப்பது ஆண்டு முன்பே, பென்சில்வேனியா மாநிலச் சட்டமன்றத்தில் அவர் நடந்துகொண்ட விதம்தான் அவருடைய அரசியலைப் புரிந்துகொள்ளச் சரியான வாசல். 1792இல் வெர்மான்ட்டில், வளைந்த காலோடு ஏழை வீட்டில் பிறந்தவர். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போக, தாயின் உழைப்பில் படித்தார். 1816இல் கெட்டிஸ்பர்க்கில் வழக்கறிஞரானார். 1833இல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அக்காலத்தில் அந்த மாநிலத்தில் ஏழைப் பிள்ளைக்கு இலவசக் கல்வி இல்லாமல் இல்லை. ஆனால் 1809ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெற்றோர் தம்மை ஏழைகள் என்று அரசுப் பட்டியலில் எழுதிக்கொடுக்க வேண்டும். மானமுள்ளவர்கள் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது வரியில் பள்ளி என்று 1834இல் புதுச் சட்டம் வந்ததும் ஊரெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. பிள்ளையில்லாதவர்கள் நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்றார்கள். ஜெர்மன் குடியேறிகள் தங்கள் தேவாலயப் பள்ளிகளும் மொழியும் அழியும் என்று அஞ்சினார்கள். இந்த இரண்டாவது அச்சத்தை வெறும் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியாது. சட்டத்தை நீக்கக் கோரி ஏறத்தாழ 32,000 பேர் மனுக்களில் கையெழுத்திட்டார்கள். மேலவை பணிந்துவிட்டது. 1835 ஏப்ரலில் கீழவையில் ஸ்டீவன்ஸ் எழுந்தார். குற்றமே செய்யாதவனும் சிறைச்சாலைக்கு வரி கட்டுகிறானே, பள்ளிக்குக் கட்டினால் மட்டும் என்ன அநியாயம் என்பது அவர் வாதத்தின் சாரம். சட்டம் பிழைத்தது. அவருடைய சொந்தத் தொகுதியிலேயே பலர் அந்த வரியை வெறுத்தவர்கள் என்பதையும், சட்டத்தைக் கொண்டுவந்த ஆளுநர் ஜார்ஜ் வுல்ஃப் எதிர்க்கட்சிக்காரர், அதிலும் ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தைச் சேர்ந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃப்ரீமேசன்களை ஒழிப்பதற்கென்றே பிறந்த கட்சி ஸ்டீவன்ஸுடையது. அன்று அவையில் வுல்ஃபைப் புகழ்ந்தவர், சில மாதங்கள் கழித்து அதே வுல்ஃபை ஃப்ரீமேசன்களைப் பற்றிய விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொல்ல அழைத்தார்!

ஒரு பேச்சுக்கு இவ்வளவு பெருமையா, அவை நீக்கியிருந்தாலும் வுல்ஃப் தம் ரத்து அதிகாரத்தால் தடுத்திருப்பாரே என்று கேட்கலாம். தடுத்திருப்பார்தான். ஆனால் அந்த ஆண்டே அவர் தேர்தலில் தோற்றார். ஆளுநரின் கையெழுத்தை மட்டும் நம்பி நிற்கும் சட்டம் அவர் பதவியோடு ஆட்டம் காணும்; மக்கள் பிரதிநிதிகளே நீக்க மறுத்த சட்டத்துக்கு வேர் உண்டு.

இதைவிடக் கனமான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. 1821இல் சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண் விடுதலை கோரிய வழக்கில், ஸ்டீவன்ஸ் அவளுக்கு உரிமை கொண்டாடியவர் பக்கம் வாதாடினார். ஆறு மாதம் பென்சில்வேனியாவில் தங்கவைக்கப்பட்ட அடிமைக்கு விடுதலை என்பது சட்டம். இடையிடையே வந்து தங்கிய நாட்களைக் கூட்டிக் கணக்கிடக் கூடாது என்று வாதாடி வென்றார். பின்னாளில் தப்பியோடிய அடிமைகளுக்காக எத்தனை வழக்காடினாலும் அந்தத் தீர்ப்பு பட்லருக்குத் திரும்பவில்லை. ஆகவே அவரைப் பிறவிச் சமத்துவவாதி என்று எழுதுவது பொய். கொள்கை அவரிடம் சிறிது சிறிதாகத்தான் ஊறியது. 1835 அதில் ஒரு கட்டம். 1838இல் மாநில அரசியலமைப்பைத் திருத்திய மாநாடு வாக்குரிமையை வெள்ளையருக்கு மட்டும் என்று சுருக்கியபோது, உறுப்பினராக இருந்த ஸ்டீவன்ஸ் அதில் கையெழுத்திட மறுத்துவிட்டார்.