புற்றுநோய்க்கு ஒரு கணக்கு

2008-ஆம் ஆண்டில் கோவை வட்டாரத்தில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. பப்பாளி மட்டுமன்றி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களையும் அது வெண்பஞ்சுபோல் மூடிற்று. மருந்து தெளித்தும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்துத் தோட்டங்களில் விட்ட பின்னரே அடங்கிற்று. நம் உழவர் பலர் இதனைக் கண்ணாரக் கண்டவர்கள்.

இரையும் அதனை வேட்டையாடும் உயிரும் மாறிமாறிப் பெருகிக் குறையும் முறையை 1920-களில் லோட்கா, வோல்ட்டெரா என்னும் அறிஞர்கள் தனித்தனியே சமன்பாடுகளாக வகுத்தனர். நம் உடலினுள்ளும் இத்தகைய போராட்டம் நிகழ்கின்றது. புற்றணுக்கள் இரை, அவற்றைத் தேடி அழிக்கும் வெள்ளணுக்கள் வேட்டையாடுவோர். இவ்வெள்ளணுக்களுக்கு வலுவூட்டுவதே நோயெதிர்ப்புச் சிகிச்சை.

இதற்குக் கணக்கு எதற்கு எனக் கேட்கலாம். விழுங்கிய மாத்திரை உடலில் கரைந்து குறையும். உயிருள்ள அணுவோ பெருகும். 2023 அக்டோபரில் நம் நாட்டில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 என்னும் சிகிச்சையை எண்ணிப் பார்ப்போம். மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மையமும் சேர்ந்து சிலவகை இரத்தப் புற்றுக்கென உருவாக்கியது அது. நோயாளியின் வெள்ளணுக்களையே எடுத்து, மரபணுவை மாற்றி, மீண்டும் அவர் உடலில் செலுத்துகின்றனர். செலுத்தியவை எவ்வளவு பெருகும்? பெருக்கம் மிஞ்சினால் உடலுக்கே ஊறு நேருமா? இவற்றை முன்கூட்டி ஆராயவே கணிப்பொறியும் சமன்பாடும் துணைநிற்கின்றன.

1998-இல் கிர்ஷ்னர், பனெட்டா என்னும் இருவர் வெளியிட்ட சமன்பாடுகள் இத்துறையில் புகழ்பெற்றவை. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இன்டர்லூக்கின்-2 என்னும் பொருளை மட்டும் கொண்டு கட்டியை ஒழிக்க முனைந்தால், எதிர்ப்பு அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் அளவுக்கு அதனைத் தரவேண்டிவரும் என்று அவை காட்டின. சுருங்கிய கட்டி மீண்டும் வளரக்கூடும் என்பதும் அவற்றால் புலனாயிற்று.

நம் குடும்பங்கள் இதிலிருந்து அறியவேண்டியவை இரண்டு. கட்டி கரைந்ததென்று மகிழ்ந்து மறுபரிசோதனையைக் கைவிடலாகாது. அடுத்த வீட்டாருக்குப் பலித்தது நமக்கும் பலிக்கும் என்று காடு தோட்டத்தை விற்க விரைவதும், அவருக்குப் பலிக்கவில்லை என்று நோயாளியை வீட்டிலேயே கிடத்திவிடுவதும் தவறு. தொடக்க எண் சிறிது மாறினும் விடை முற்றிலும் மாறக்கூடும். ஒருவர் உடலின் எண்கள் மற்றவருக்குப் பொருந்தா. முதலில் மருத்துவரிடம் கேட்டறிவோம், பிறகு முடிவெடுப்போம்.

கணக்கு அணுக்களை எண்ணும். நோயுற்றவரின் அருகமர்ந்து, கைபற்றி, ஒருவாய்க் கஞ்சி ஊட்டுவது நம் கடன்.