தாத்தாவின் மிருதங்கம் தேறுமா?

பழைய வாத்தியத்தை மறுபடியும் கட்டுவதா, பரணிலேயே விடுவதா? பதில் தோலில் இல்லை, கட்டையில் இருக்கிறது.

பாலக்காட்டு அக்ரஹார வீட்டின் பரணில் பழைய மிருதங்கம் கிடைத்தால் அதிசயமில்லை. மிருதங்கக் கலைஞர்களில் முதன்முதலாக சங்கீத கலாநிதி பட்டம் (1966) பெற்ற பாலக்காடு மணி ஐயரின் மண் அது. கிழிந்த தோலும் தளர்ந்த வாருமாகக் கிடக்கும் வாத்தியத்துக்குச் செலவழிக்கலாமா என்பதுதான் வாரிசுகளின் குழப்பம்.

அதைத் தீர்த்துவைக்கும் கைகள் சித்தூர் தாலுகாவின் பெருவெம்பு கிராமத்தில் இருக்கின்றன. மிருதங்கம், செண்டை, மத்தளம் செய்வது அங்கே பரம்பரைத் தொழில். பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

கிழிந்த தோலைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. வாசிக்க வாசிக்கத் தேய்வது அதன் இயல்பு. வலந்தலை, தொப்பி இரண்டுக்கும் புது மூட்டு போடலாம். எருமைத் தோல் வாரையும் மாற்றலாம். கிட்டான் கல் பொடியைச் சோற்றோடு பிசைந்து, படலம் படலமாகத் தேய்த்து ஏற்றினால் கரணையும் புதிதாகிவிடும். கிராண்ட் பியானோவுக்கும் இதே கணக்குதான். கம்பிகளையும் சுத்தியல்களையும் மாற்றலாம். பல டன் இழுவிசையைத் தாங்கும் இரும்புச் சட்டம் விரிந்துவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது.

மிருதங்கத்தில் அந்தச் சட்டத்தின் இடத்தில் இருப்பது பலாமரக் கட்டை. அதைத் தோலோடு வைத்து எடைபோட முடியாது. இரண்டு மூட்டையும் கழற்றி, உள்ளே வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்க வேண்டும். மயிரிழை வெடிப்பென்றால் பசையும் மரத்தூளும் வைத்து அடைக்கலாம். ஒரு வாயிலிருந்து மறுவாய்வரை ஓடும் வெடிப்பு ஆபத்து. வாரை இறுக்கினால் வாய் பிளக்கும். பூச்சி அரித்த துளைகள் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்பது அடுத்த சோதனை. தேய்ந்த விளிம்பைச் சீவிச் சமன் செய்யலாம்; கோணிய வாயைத் திருத்துவது கடினம்.

கட்டை தேறினாலும் சுருதி பார்க்க வேண்டும். ஆண் குரலுக்கென்று கடைந்த தக்கு சுருதி மிருதங்கத்தின் வாய் பெரிது. பெண் பாடகருக்கு வாசிக்க ஹெச்சு சுருதிக்கு ஏற்றினால் தோல்தான் கிழியும். பேத்தி பாட்டுக்காரி என்றால் தாத்தாவின் வாத்தியம் உதவாமல் போகலாம்.

மற்றபடி, வைரம் பாய்ந்து காய்ந்த பழைய கட்டையை இழப்பது நஷ்டம்தான். பண்ருட்டிப் பலாவுக்கு இன்றும் மவுசு உண்டு. ஆனால் ஈரம் போகாத மரத்தில் கடைந்த புதுக் கட்டை, காயும்போது வெடிக்கக்கூடும். பல வருடம் காய்ந்து நின்றுவிட்ட கட்டைக்கு அந்தப் பயம் குறைவு.

கட்டையைவிட அருகிவருவது ஆள். ஃபைபர் உடலும் செயற்கைத் தோலும் சந்தைக்கு வந்துவிட்டன. 2020ல் கொரோனாவால் திருவிழாக்கள் நின்றபோது வாத்தியத் தொழிலாளிகளின் வருமானமும் நின்றது. கட்டை தலைமுறைகளைத் தாண்டி நிற்கும். அதற்குத் தோல் போடத் தெரிந்த கை நிற்க வேண்டுமானால், அதற்கு வேலை கொடுக்க வேண்டும். பரணில் கிடக்கும் மிருதங்கத்தை இறக்க அதுவும் ஒரு காரணம்.