டாக்டரே, உங்கள் வீடு எங்கே?

திருவெண்ணெய்நல்லூர் மக்கள் யாரையும் இலேசில் நம்பிவிட மாட்டார்கள். இது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல!

புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். பந்தலுக்குள் ஒரு கிழவர் வந்தார். மாப்பிள்ளை தனக்கு அடிமை என்றார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போனது. அங்கே கிழவர் மூல ஓலையைக் காட்டினார். ஓலை செல்லும் என்று சபையார் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனாலும் விடவில்லை. "இந்த ஊர் என்கிறீரே, உம்முடைய வீடு எது?" என்று கேட்டார்கள். கிழவர் கோவிலுக்குள் போய் மறைந்தார். வந்தவர் சிவபெருமான் என்று அப்போதுதான் தெரிந்தது. இது பெரியபுராணக் கதை.

கடவுளையே வீடு கேட்டார்கள் என்றால் டாக்டரைக் கேட்காமல் இருப்பார்களா? எந்தக் கிராமத்திலும் இதே கேள்விதான். "இவர் மாலையில் பஸ் ஏறிப் போய்விட்டால், நடுராத்திரியில் பிரசவ வலி எடுத்தால் யார் பார்ப்பது?" நியாயமான கேள்வி.

இதற்குப் பதில் சொன்ன ஒரு டாக்டர் தம்பதியைப் பார்ப்போம்.

மலைக்கு அப்பால்

திருவெண்ணெய்நல்லூருக்கு மேற்கே கல்வராயன் மலை. அதற்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்டிலிங்கி பள்ளத்தாக்கு இருக்கிறது. தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம். அங்கே வாழும் மலைவாழ் மக்களுக்கு "மலையாளிகள்" என்று பெயர். கேரளத்து மலையாளிகள் அல்ல, தமிழ் பேசுகிறவர்கள்.

ஆனால் அங்கே வந்த டாக்டர்கள் கேரளத்தில் படித்தவர்கள்! கணவர் ரெஜி ஜார்ஜ், மயக்க மருந்து டாக்டர். மனைவி லலிதா, பிரசவ டாக்டர். இருவரும் காந்திகிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள். 1993-ம் ஆண்டு சிட்டிலிங்கிக்கு வந்தார்கள்.

அப்போது அங்கே பிறந்த குழந்தைகளில், ஆயிரத்துக்கு ஏறக்குறைய 150 குழந்தைகள் ஒரு வயது முடிவதற்குள் இறந்தன. அதாவது, ஏழு தொட்டில்களில் ஒரு தொட்டில் காலி!

குடிசை ஆஸ்பத்திரி

கட்டிடம் இல்லை. ஊர் மக்களே கூடி ஒரு கூரைக் குடிசை போட்டுக் கொடுத்தார்கள். அதுதான் ஆஸ்பத்திரி. பிரசவமும் அங்கேதான், சிறு ஆபரேஷனும் அங்கேதான். டாக்டர்கள் அந்த ஊரிலேயே குடியிருந்தார்கள். "வீடு எங்கே?" என்று யாரும் கேட்கவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

அடுத்து அவர்கள் செய்த காரியம்தான் முக்கியமானது. வெளியூரில் இருந்து நர்சுகளை அழைத்து வரவில்லை. உள்ளூர்ப் பெண்களுக்கே நர்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். அதோடு, ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு குடும்பப் பெண்ணைச் சுகாதாரப் பணிக்குப் பழக்கினார்கள். ஆளைத் தேர்ந்தெடுத்தது கிராமத்தார்!

இது ஏன் பலித்தது? வெள்ளைக் கோட்டுக்காரர் "சீம்பாலைக் கொட்டாதே, குழந்தைக்குக் கொடு" என்றால், மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அடுத்த தெரு அக்காள் சொன்னால்? "நீ உன் பேரனுக்குக் கொடுத்தாயா?" என்று கேட்பார். "கொடுத்தேன். அதோ ஓடுகிறான் பார்!" என்று அக்காள் கையைக் காட்டுவாள். அதற்கு மேல் மாமியாரால் என்ன பேச முடியும்?

பிறகு கட்டிடம் வந்தது, படுக்கைகள் வந்தன. குழந்தைச் சாவும் குறைந்துகொண்டே வந்து, ஆயிரத்துக்கு 20 என்ற அளவுக்கு இறங்கியது.

உங்கள் வாசலில்

இதே வழியை அரசாங்கமும் பிடித்தது. 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. பெண் தொண்டர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் திட்டம் இது. கிராம சுகாதார நர்சோ அதற்கும் முன்பிருந்தே வீட்டுக்கு வருகிறவர்.

ஆனால் ஒரு சங்கடம். "எனக்கு ஒன்றும் இல்லை, போம்மா" என்று திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு! ரத்த அழுத்தம் வலித்துக்கொண்டு வருவதில்லை. பட்டையைக் கையில் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

கர்ப்பிணிகள் உள்ள வீட்டில் இதை நினைவில் வையுங்கள். முகமும் கையும் திடீரென வீங்குகிறதா? தலைவலி விடாமல் இருக்கிறதா? கண் மங்குகிறதா? ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். விட்டுவிட்டால் ஜன்னி கண்டு, தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து வரும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் ஊர் நர்சுக்குச் சொல்லி அனுப்புங்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டிக்குக் காசு இல்லை.