பீர்க்கம் நாரும் எமது மேனியும்



வேலியில் படர்ந்த பீர்க்கங்கொடியில், பறிக்க மறந்து முற்றிக் காய்ந்த காய் ஒன்று தொங்கினால் நாம் என்ன செய்வோம்? விதைக்கென ஒன்றிரண்டை எடுத்து வைத்துவிட்டு மிகுதியைக் குப்பையில் எறிந்து விடுவோம். அந்தக் காயின் உள்ளே இருக்கும் நார்க்கூடுதான் நகரத்துக் கடைகளில் 'லூஃபா' என்ற பெயரோடு உடம்பு தேய்ப்பதற்காக விற்பனைக்கு வருகின்றது.

கடந்த வருடம் வன்னியிலுள்ள ஒரு கிராமத்துப் பெண்கள் குழுவினரோடு இதைப் பற்றிக் கதைக்கப் போயிருந்தேன். நார் எடுக்கும் முறையையும் தேய்க்கும் முறையையும் ஒரு மணித்தியாலத்தில் சொல்லி முடித்து விடலாம் என்பதே என் எண்ணம். எல்லோரும் கலைந்த பின்னரும் ஓர் அக்கா மட்டும் எழும்பாமல் இருந்தார்.

"பிள்ளை, இது பொச்சை விட நல்லா ஊத்தையை எடுக்குமோ?" என்று கேட்டபடி சட்டைக் கையை உயர்த்திக் காட்டினார். தோல் கன்றி, கறுத்து, சில இடங்களில் உரிந்தும் இருந்தது. பாத்திரம் தேய்க்கும் தேங்காய்ப் பொச்சால் நாள்தோறும் உடம்பைத் தேய்த்து வந்திருக்கிறார்.

நான் சமூகவியல் படித்தவள். சுகாதார அறிவு போதாது என்றே முதலில் மனதுக்குள் எழுதிக்கொண்டேன். அவர் தொடர்ந்து சொன்னார்: "2009 சித்திரையிலை செட்டிகுளம் முகாமுக்கு வரேக்கை எத்தினை நாள் தோயாமல் வந்தனாங்கள் எண்டு எனக்கே தெரியாது. அங்கை தண்ணி கிடைச்சாலும் ஆக்களுக்கு முன்னாலை குறுக்குக்கட்டோடைதான் குளிப்பு. இப்ப சொந்தக் கிணத்திலை அள்ளி ஊத்தியும் அந்த ஊத்தை போன மாதிரி இல்லை."

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் எழுதி வைத்தது பிழை என்பது அப்போதுதான் விளங்கியது. அவருக்குச் சொன்னவற்றையும், வீடு திரும்பிய பின் தேடி அறிந்தவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

தேய்ப்பது எதற்காக?

எமது தோல் தன்னைத் தானே புதுப்பித்துக் கொள்கின்றது. அடியில் உருவாகும் கலங்கள் மேலே வந்து, இறந்து, உதிர்வதற்கு ஏறக்குறைய நான்கு வாரங்கள் செல்லும். உதிராமல் தங்கிவிடும் இறந்த கலங்களால் தோல் சொரசொரப்பாகவும் மங்கலாகவும் தெரியும். அவற்றை மெதுவாக அகற்றுவதற்கு மட்டுமே நார் உதவுகின்றது. தோலின் நிறத்தை அது மாற்றாது. பல மாதங்கள் அழுத்தித் தேய்த்து வந்தால், உராய்வினால் தோல் தடித்துக் கறுத்தே போகும். அக்காவின் கைகள் கறுத்ததும் இதனால்தான். அவர் 'போகாத ஊத்தை' என்று நினைத்த கறுப்பை அந்தத் தேய்ப்புத்தான் உண்டாக்கியது.

நார் எடுக்கும் முறை

வரிகளுள்ள பீர்க்கங்காயும் முற்றினால் நார் தரும். வழவழப்பான தோலுள்ள பீர்க்கு இனத்தில் இன்னும் நல்ல நார் கிடைக்கும். காயைக் கொடியிலேயே முற்ற விட வேண்டும். தோல் மண்ணிறமாகி, கையில் எடுக்கப் பாரமின்றி இருந்து, குலுக்கும்போது விதைகள் சத்தமிட்டால் பறிக்கலாம். தண்ணீரில் ஊறவிட்டுத் தோலை உரித்து, விதைகளை உதறி, பசை போகும்வரை அலசி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். விதைகளை அடுத்த நடுகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாவிக்கும் முறை

காய்ந்த நார் கீறும். ஆகவே சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைத்து, மெத்தென்று ஆன பின்பே உடம்பில் வைக்க வேண்டும். சவர்க்காரமோ பயற்றம் மாவோ சேர்த்து, கைக்குழந்தையைக் கழுவும் பாரத்தில் சிறு வட்டங்களாகத் தேய்த்தால் போதும். வாரத்தில் ஒரு முறை அல்லது இரு முறைக்கு மேல் வேண்டாம். தோல் சிவந்தாலோ எரிந்தாலோ உடனே நிறுத்துங்கள். குளித்த பின் ஈரம் முற்றாக உலர முன்னர் சிறிது தேங்காய் எண்ணெய் பூசினால் தோல் வறளாது.

முகத்தின் தோல் மெல்லியது. அதற்கு இந்த நார் பெரும்பாலும் கரடானது. பழைய பருத்திச் சேலைத் துண்டை நனைத்து, பயற்றம் மாவைக் குழைத்துத் தொட்டு மெதுவாகத் துடைத்தாலே போதுமானது. முகப்பரு இருந்தால் தேய்க்கவே வேண்டாம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

எங்களில் பலருடைய உடம்பில் போர் விட்டுச்சென்ற அடையாளங்கள் உண்டு. செல் துண்டு உள்ளே தங்கிய இடம், எரிகாயத் தழும்பு, ஆறாத புண் ஆகியவற்றின் மேல் நார் படக்கூடாது. நரம்பு பாதிக்கப்பட்டு உணர்வற்றுப் போன இடத்திலும் வேண்டாம், அங்கே தோல் கிழிந்தாலும் வலி தெரியாது. செயற்கைக் கால் அணிபவர்கள் கால் பொருந்தும் இடத்தைக் கையால் மட்டும் கழுவ வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் பாதங்களைத் தேய்க்கக்கூடாது.

நாரையும் பேண வேண்டும்

ஈரமான நாரின் துளைகளில் இறந்த தோல் தங்க, அதில் கிருமிகள் பெருகும். அவை நாரிலிருந்து தோலுக்குப் பரவக்கூடும் என்பதை 1994 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. நானும் ஒரு முறை குளியலறையின் ஈர மூலையிலேயே நாரைத் தொங்கவிட்டு, முதுகில் சிறு கொப்புளங்கள் வந்து அவதிப்பட்டேன். ஒவ்வொரு முறையும் அலசிப் பிழிந்து வெயிலில் காயவிடுங்கள். வாரம் ஒரு தடவை கொதிநீரில் சில நிமிடங்கள் போடுங்கள். மூன்று, நான்கு வாரங்களில் புதியதை எடுங்கள். மணத்தாலோ கறுப்புப் புள்ளி கண்டாலோ அன்றே எறிந்து விடுங்கள். ஒருவருக்கு ஒன்று, பிள்ளைகளோடும் பங்கிட வேண்டாம்.

அக்காவின் கதை

பிறகும் பல தடவை அந்த அக்காவிடம் போனேன். மனதில் தங்கியதை உடம்பில் தேடித் தேய்க்கும் சகோதரிகள் அவரைப் போல் வேறும் சிலர் இருக்கின்றார்கள். அது அவர்களுடைய குற்றமல்ல, விசரும் அல்ல. உளவளத்துணையாளரோடு கதைத்தால் அந்தப் பாரம் குறையும். உங்கள் வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் கேட்கலாம், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அக்காவோடு முதல் நாள் கிளினிக்குக்கு நானும் போனேன். இரண்டாம் முறை தனியாகவே போய் வந்தார்.

கறுப்பு இன்னும் முற்றாகப் போகவில்லை. ஆனால் பொச்சு குசினிக்குத் திரும்பிவிட்டது. கடைசியாகப் போனபோது கிணற்றடி வேலியில் பீர்க்கு பூத்திருந்தது. "இந்த முறை ரெண்டு காயை முத்த விடப் போறன் பிள்ளை, ஒண்டு உனக்கு" என்றார்.

சகோதரிகளே, இத்தனை தூரம் எம்மைச் சுமந்து வந்தது இந்த உடம்புதான். அதன் மேல் கை வைக்கும்போது மெதுவாக வைப்போம்.