லெந்து நாட்களும் கண்களின் உபவாசமும்

சாம்பற்புதன் முதல் உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை வரை உள்ள நாட்கள் 46. இவற்றுள் ஞாயிற்றுக்கிழமைகள் ஆறினை நீக்க, எஞ்சும் 40 நாட்களே லெந்து காலமாகும். உபவாசம், மன்றாட்டு, ஈகை ஆகிய மூன்றும் இக்காலத்தின் மரபுவழிப் பயிற்சிகள். அண்மை ஆண்டுகளில் இவற்றோடு நான்காவதாக ஒன்று சேர்ந்துள்ளது. தாம் வாழும் ஊரின் அன்றாட வாழ்விலிருந்து நாளுக்கொரு நிழற்படம் எடுத்து, அதனைத் தியானப் பொருளாகக் கொள்வதே அது. அமெரிக்காவில் ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபையினர் 2010-களில், நாளுக்கொரு சொல்லைக் கொடுத்து, அச்சொல்லுக்கேற்ற காட்சியைத் தம் சுற்றுப்புறத்தில் தேடுமாறு மக்களை அழைத்தனர். கைப்பேசி பரவிவிட்ட இந்நாளில் இப்பயிற்சி யாவர்க்கும் எளிது. ஆயின், இது பக்தியா, பொழுதுபோக்கா?

சீர்திருத்த மரபின் ஐயம்

1522-ஆம் ஆண்டு லெந்து காலத்தில், சூரிக் நகரில் ஃபிரோஷவர் என்னும் அச்சகத்தாரின் இல்லத்தில் சிலர் இறைச்சி உண்டனர். உடனிருந்த ஸ்விங்ளி தாம் உண்ணவில்லை; எனினும், உணவைப் பற்றிய கிறிஸ்தவ சுயாதீனத்தைக் குறித்துப் பிரசங்கித்தார். 1524-இல் அந்நகர ஆலயங்களிலிருந்து உருவங்கள் அகற்றப்பட்டன. ஆகவே நோன்பு, படம் ஆகிய இரண்டையுமே ஐயத்துடன் நோக்கும் மரபு நமக்குண்டு. அந்த ஐயம் இன்றும் நமக்குக் காவலாக நிற்கலாம். நாற்பது படங்கள் நமக்குப் புண்ணியம் சேர்ப்பதில்லை. எந்தப் படமும் வழிபாட்டுக்குரியதன்று. படம் எடுப்பதற்காக நாம் நின்று பார்க்கிறோமே, அந்தப் பார்வையே இங்குப் பயிற்சியாகும். பெத்சாயிதாவின் குருடன் முதல் தொடுதலில் மனிதரை மரங்களைப் போலக் கண்டான் என்றும், மறுமுறை தொடப்பட்ட பின்னரே தெளிவாகக் கண்டான் என்றும் மாற்கு 8-ஆம் அதிகாரம் கூறுகிறது. லெந்து காலம் அந்த இரண்டாம் தொடுதலுக்காகக் காத்திருக்கும் காலம்.

ஏலச் செடி கற்பிக்கும் பாடம்

இதனைப் போடிநாயக்கனூரில் வைத்து எண்ணிப் பார்ப்போம். ஏலமலையின் அடிவாரத்திலுள்ள இந்நகரம் ஏலக்காய் வாணிபத்தால் பெயர் பெற்றது. ஆளுயரத்திற்கு மேல் வளரும் ஏலச் செடியைத் தொலைவிலிருந்து படம் எடுப்பவருக்கு இலைகள் மட்டுமே கிட்டும். பூவும் காயும் செடியின் அடியில், மண்ணை ஒட்டிப் படரும் சரங்களில் உள்ளன. அவற்றைக் காண விரும்புகிறவர் குனிய வேண்டும். பறிக்கிறவரோ குந்தியிருந்தே பறிக்க வேண்டும். பச்சைக் காயை உலர்த்தினால் எடை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதன்பின் பருமன், நிறம் பார்த்துக் காய்களைத் தரம் பிரிக்கிறார்கள். கடையில் மணக்கும் ஒரு பிடி ஏலக்காய்க்குப் பின்னால் எத்தனை முதுகுகள் வளைந்திருக்கின்றன என்பதை நின்ற நிலையில் எடுத்த படம் காட்டாது. முழங்கால் மடக்கும் பார்வையே லெந்தின் பார்வை.

எடுத்தலும் கொடுத்தலும்

விடியுமுன் தொழிலாளர் ஜீப்புகளில் நெருக்கியடித்து, போடிமெட்டின் கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, கேரளத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். கண்ணைக் கவரும் காட்சி இது. ஆனால் இங்கேதான் இடர் உள்ளது. அவர்தம் களைப்பை நம் தியானத்திற்கு அலங்காரமாக்கினால், உழைப்பை எடுத்துக்கொண்ட உலகம் முகத்தையும் எடுத்துக்கொண்டதாகும். ஏசாயா 58-ஆம் அதிகாரம் நுகத்தடிகளை நீக்குவதையும், பசித்தவருக்கு உணவைப் பகிர்வதையும் உபவாசம் என்கிறது. நம் மாம்சமானவனுக்கு ஒளியாதிருக்கவும் அது கட்டளையிடுகிறது. படக்கருவிக்குப் பின்னால் ஒளிவதும் ஒளிதலே. லூக்கா 16-இல் வரும் ஐசுவரியவான் தன் வாசலில் கிடந்த லாசருவை அறியாதவனல்லன். பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு அறிந்திருந்தான். கண்டும் கைநீட்டாமையே அவன் குற்றம்.

கைக்கொள்ளத்தக்க நெறிகள்

ஒன்று, நாளுக்கு ஒரே படம். நூறு எடுத்து ஒன்றைத் தெரிவது உபவாசமன்று. ஒன்றோடு நிறுத்துவதே கண்களின் உபவாசம். இரண்டு, மனிதரைப் படமெடுக்குமுன் அவரிடம் பேசி இசைவு பெறுக. அவர் மறுத்தால், அன்றைய நாளுக்கு அந்த உரையாடலே போதும். மூன்று, படத்தை ஊரறியப் பரப்பாது, மாலை மன்றாட்டில் வைத்து அதிலுள்ளவர்க்காக வேண்டுதல் செய்க. நான்கு, ஞாயிறன்று படம் எடுக்காமல், அவ்வாரம் கண்டவற்றுள் ஒன்றுக்கேனும் சபையாகச் செய்யத்தக்கது யாதெனக் கலந்து பேசுக. கூலி, பயணப் பாதுகாப்பு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவை அப்பேச்சில் இடம்பெறட்டும்.

படக்கருவியைக் கீழே வைக்கவேண்டிய வேளையும் உண்டு. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11, லெந்தின் நான்காம் ஞாயிறு. அன்று போடியை அடுத்த குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உள்ளூர் மக்களும் மீட்புப் பணியில் இறங்கினர். அவ்வேளையில் தேவைப்பட்டவை காயமுற்றோரைச் சுமக்கும் கைகளே. ஆகவே பெரிய வெள்ளியன்று படம் ஏதும் எடுக்காதிருப்பது நன்று. முப்பத்தெட்டு நாட்கள் பார்க்கப் பழகிய கண்கள் அன்று சிலுவையை நோக்கட்டும். அங்கிருந்து எழுந்து, தாம் கண்ட மனிதரிடம் வெறுங்கையோடன்றித் திரும்பட்டும்.