எல்லா ஐகானும் ஒரே மாதிரி ஆயிடுச்சா? பழைய கம்ப்யூட்டரை ஃபார்மேட் பண்ணும் முன் இதைப் படிங்க!

காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். நேற்று வரை டெஸ்க்டாப்பில் விதவிதமாக இருந்த ஐகான்கள் எல்லாம் இன்று நோட்பேட் படத்தோடு வரிசையாக நிற்கின்றன. பிரவுஸரை கிளிக் செய்தால் நோட்பேட் திறக்கிறது. வேர்டை கிளிக் செய்தாலும் நோட்பேட். உள்ளே கட்டமும் கிறுக்கலுமாகப் புரியாத எழுத்துகள். வீட்டில் உடனே தீர்ப்பு வந்துவிடும்: "வைரஸ் புகுந்துடுச்சு!" தெரிந்த கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "பழைய மெஷின் சார், ஃபார்மேட் பண்ணிடலாம்" என்பார்கள்.

அந்த 'ஃபார்மேட்' என்ற வார்த்தைக்குத் தலையாட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 இரண்டிலுமே மை டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் எல்லாம் இருப்பது வழக்கமாக சி டிரைவில்தான். சி டிரைவை ஃபார்மேட் செய்தால் குழந்தையின் காதுகுத்து போட்டோவும், ஸ்கேன் செய்து வைத்த வீட்டுப் பத்திரமும், தாத்தாவின் அறுபதாம் கல்யாண வீடியோவும் சேர்ந்தே போகும். ஆனால், மேலே சொன்ன பிரச்னையில் பெரும்பாலும் ஒரு ஃபைல்கூடக் கெட்டிருக்காது. எந்த ஃபைலை எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான் மாறியிருக்கும்.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ம் தேதியோடும் ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனாலும், டி.டி.பி சென்டர், ஜெராக்ஸ் கடை, மாடி அறை மேஜை, 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தின் ஆரம்பகால லேப்டாப்கள் என இந்தத் தலைமுறைக் கம்ப்யூட்டர்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. புதிதாக வாங்கும் வரை அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

டப்பாவும் லேபிளும்

ஃபைல் பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்து ஜேபிஜி, டாக், எம்பி3, பிடிஎஃப் என்று சில எழுத்துகள் வருமே, அதுதான் எக்ஸ்டென்ஷன். சமையலறை டப்பாவில் ஒட்டிய லேபிள் மாதிரி. நீங்கள் டபுள் கிளிக் செய்யும்போது விண்டோஸ் டப்பாவைத் திறந்து உள்ளே இருப்பது சர்க்கரையா, உப்பா என்று ருசி பார்ப்பதில்லை. லேபிளைப் படிக்கும். 'இந்த லேபிள் என்றால் இந்த மென்பொருள்' என்று தன்னிடம் இருக்கும் குறிப்பைப் பார்த்து, அந்த மென்பொருளிடம் ஃபைலைக் கொடுத்துவிடும். அந்தக் குறிப்புக்குப் பெயர்தான் ஃபைல் அசோசியேஷன். ரெஜிஸ்ட்ரி எனப்படும் விண்டோஸின் பெரிய கணக்குப் புத்தகத்தில் அது எழுதப்பட்டிருக்கும்.

எல்லா கம்ப்யூட்டரும் இப்படி இல்லை. ஆப்பிளின் பழைய மேக் கம்ப்யூட்டர்கள், ஃபைலின் வகையையும் அதை உருவாக்கிய மென்பொருளையும் நாலு நாலு எழுத்துக் குறியீடுகளாக ஒவ்வொரு ஃபைலோடும் சேர்த்தே வைத்திருந்தன. விண்டோஸோ டாஸ் காலத்துப் பழக்கத்தை விடவில்லை. டாஸில் பெயருக்கு 8 எழுத்து, எக்ஸ்டென்ஷனுக்கு 3 எழுத்து, அவ்வளவுதான் இடம். விண்டோஸ் 95 வந்த பிறகு 255 எழுத்து வரை பெயர் வைக்க முடிந்தது. ஆனால், அதே விண்டோஸ் 95, 'எக்ஸ்டென்ஷன் எல்லாம் மக்களுக்கு எதற்கு' என்று அதை மறைக்கவும் தொடங்கியது. அந்த மறைப்பு செய்த வேலையைப் பிறகு பார்ப்போம்.

குறிப்பை மாற்றுவது யார்?

முதல் ஆள் ஒரு டிக் மார்க். ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து 'ஓபன் வித்', அதற்குள் 'சூஸ் டீஃபால்ட் புரோகிராம்' போனால் மென்பொருள்களின் பட்டியல் வரும். அதன் அடியில் 'இந்த வகை ஃபைலை எப்போதும் இதிலேயே திற' என்ற அர்த்தத்தில் ஒரு பெட்டி இருக்கும். விண்டோஸ் 7-ல் அதில் டிக் போட்டே வைத்திருப்பார்கள்! நீங்கள் ஒரு தடவை பார்க்கலாமே என்று நோட்பேடைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தால், அந்த வகை ஃபைல் மொத்தமும் நோட்பேடுக்குப் போய்விடும். என்னைக் கேட்டால் இது பயன்படுத்துபவரின் தவறே இல்லை. அந்தப் பெட்டியைக் காலியாக விட்டிருக்க வேண்டும்.

அடுத்தது, புதிதாக இன்ஸ்டால் செய்யும் மென்பொருள்கள். ரியல்பிளேயர், குயிக்டைம், வின்ஆம்ப் என்று பாட்டு கேட்க ஆளுக்கொரு மென்பொருள் இருந்த காலம் நினைவிருக்கிறதா? இன்ஸ்டால் செய்யும்போது கவனிக்காமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் கொடுத்தால் எம்பி3 எல்லாம் புதியவர் பெயருக்கு மாறிவிடும். பிறகு அந்த மென்பொருளையே நீக்கினால், குறிப்பு மட்டும் அநாதையாக நிற்கும். 'எதில் திறக்கட்டும்?' என்று விண்டோஸ் உங்களையே கேட்கும்.

சரிசெய்வது எப்படி?

என்ன செய்வதற்கும் முன், முக்கியமான போட்டோ, டாக்குமென்ட்களை ஒரு பென்டிரைவில் காப்பி செய்துவிடுங்கள். ஐகான் மாறியிருந்தாலும் காப்பி, பேஸ்ட் வழக்கம்போல வேலை செய்யும்.

விண்டோஸ் 7 என்றால், ஸ்டார்ட் மெனுவின் வலது பக்கத்தில் 'டீஃபால்ட் புரோகிராம்ஸ்' இருக்கும். அதில் 'அசோசியேட் எ ஃபைல் டைப்' என்று தொடங்கும் வரியை அழுத்தினால், எல்லா எக்ஸ்டென்ஷன்களும் அகர வரிசையில் வரும். பழைய மெஷினில் பட்டியல் நிரம்பக் கொஞ்சம் நேரமாகும், பொறுமை. தகராறு செய்யும் எக்ஸ்டென்ஷனைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள 'சேஞ்ச் புரோகிராம்' பட்டனை அழுத்திச் சரியான மென்பொருளைக் காட்டினால் முடிந்தது. போட்டோ வகைகள் மொத்தமாகக் குழம்பியிருந்தால் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டாம். அதே இடத்தில் 'செட் யுவர் டீஃபால்ட் புரோகிராம்ஸ்' போய் விண்டோஸ் போட்டோ வியூவரைத் தேர்ந்தெடுத்தால், அதற்கு உரிய எல்லா வகைகளையும் ஒரே கிளிக்கில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எக்ஸ்பியில் வழி வேறு. மை கம்ப்யூட்டரைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்', அதில் 'ஃபைல் டைப்ஸ்' என்ற பக்கம். அங்கே எக்ஸ்டென்ஷனைத் தேர்ந்தெடுத்து 'சேஞ்ச்' கொடுக்கலாம். எக்ஸ்பியில் எனக்குப் பிடித்த விஷயம், நீங்கள் 'ஓபன் வித்' மூலம் எதையாவது மாற்றியிருந்தால் அங்கே 'ரீஸ்டோர்' என்ற பட்டன் தோன்றும். அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். இவ்வளவு வசதியான பக்கத்தை விஸ்டாவிலிருந்து எடுத்தேவிட்டார்கள். விண்டோஸ் 7-ன் புதிய பக்கத்தில் குறிப்பை மாற்ற முடியும், ஆனால் அடியோடு நீக்க முடியாது.

இனி, ஆரம்பத்தில் சொன்ன 'எல்லாமே நோட்பேட்' பிரச்னை. டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகான்களில் பெரும்பாலானவை மென்பொருள்கள் அல்ல, அவற்றுக்கான ஷார்ட்கட்கள். ஷார்ட்கட்டுக்கும் எல்என்கே என்று ஓர் எக்ஸ்டென்ஷன் உண்டு. அதன் குறிப்பு மாறினால் எல்லா ஐகானும் ஒரே முகமாகும். சோதித்துப் பார்க்க எளிய வழி: சி டிரைவில் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் போய், நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் அசல் ஃபைலை நேரடியாகத் திறந்து பாருங்கள். அது ஒழுங்காகத் திறந்தால், பழுது ஷார்ட்கட் குறிப்பில் மட்டும்தான்.

இன்னொரு சோதனையும் உண்டு. விண்டோஸ் 7-ல் 'ஓபன் வித்' வழியாக நடக்கும் மாற்றம் அந்த ஒரு யூஸர் கணக்கை மட்டும்தான் பாதிக்கும். கன்ட்ரோல் பேனலில் புதிதாக ஒரு யூஸர் அக்கவுன்ட் உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே ஐகான்கள் ஒழுங்காக இருந்தால் கம்ப்யூட்டருக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

பழைய கணக்கையே மீட்க, 'கம்ப்யூட்டர்' ஐகானில் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்', அதில் இடது பக்கம் 'சிஸ்டம் புரொடெக்‌ஷன்', பிறகு 'சிஸ்டம் ரீஸ்டோர்'. பிரச்னை தொடங்கியதற்கு முந்தைய தேதி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ரெஜிஸ்ட்ரி அந்த நாளுக்குத் திரும்பும். போட்டோ, டாக்குமென்ட்களை இது தொடாது. அந்தத் தேதிக்குப் பிறகு இன்ஸ்டால் செய்த மென்பொருள்களை மட்டும் மறுபடி போட வேண்டியிருக்கும். உள்ளேயே போக முடியாவிட்டால், ஆன் செய்ததும் எஃப் 8 பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்து 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' வழியாகவும் சிஸ்டம் ரீஸ்டோருக்குப் போகலாம்.

லேபிளை மாற்றினால் சர்க்கரை உப்பாகாது

திறக்காத ஃபைல் எல்லாமே இந்த வகை அல்ல. ஐபோனில் 2017-ல் வந்த ஐஓஎஸ் 11-லிருந்து போட்டோக்கள் ஹெச்இஐசி என்ற வகையில் சேமிக்கப்படுகின்றன. விண்டோஸ் 7-க்கு அது என்னவென்றே தெரியாது. பலர் ஃபைல் பெயரில் அதை அழித்துவிட்டு ஜேபிஜி என்று எழுதிப் பார்க்கிறார்கள். அது டப்பாவின் லேபிளை மாற்றுவது, உள்ளே இருப்பது மாறாது. ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மேட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று வைத்தால் அடுத்து எடுக்கும் போட்டோக்கள் ஜேபிஜியாக வரும். ஆபீஸ் 2003-ல் டாக்எக்ஸ் ஃபைல் திறக்காததும் இதே கதைதான். அந்த வகை ஆபீஸ் 2007-ல்தான் வந்தது.

ஃபைல் திறக்கிறது, ஆனால் தமிழ் எழுத்துக்குப் பதில் ஆங்கிலக் கிறுக்கல் தெரிகிறது என்றால் அது ஃபான்ட் பிரச்னை. பாமினி போன்ற பழைய ஃபான்டில் டைப் செய்த கல்யாணப் பத்திரிகை, அந்த ஃபான்டை இன்ஸ்டால் செய்தால் சரியாகிவிடும்.

ஒரு விதிவிலக்குதான் கவலைப்பட வேண்டியது. எல்லா ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக ஏதோ எழுத்துகள் ஒட்டி, கூடவே பணம் கேட்டு ஓர் அறிவிப்பும் இருந்தால் அது ரான்சம்வேர். 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வான்னாக்ரை அப்படித்தான் செய்தது. அதில் சிக்கியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். ஆந்திர போலீஸின் கம்ப்யூட்டர்கள் சிலவும் தப்பவில்லை. அங்கே டப்பாவுக்குள் இருப்பதையே பூட்டிவிடுகிறார்கள். குறிப்பை மாற்றிப் பயனில்லை. உடனே நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

மறைத்ததால் வந்த வினை

இப்போது அந்த மறைக்கும் பழக்கத்துக்கு வருவோம். 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸ், மெயிலில் ஒரு காதல் கடிதமாக வந்தது. ஃபைல் பெயரின் முடிவில் முதலில் டிஎக்ஸ்டி, அதற்குப் பிறகு விபிஎஸ் என்று இரண்டு எக்ஸ்டென்ஷன்கள். விண்டோஸ் கடைசி எக்ஸ்டென்ஷனை மறைத்துவிட்டதால், பார்த்தவர்களுக்குச் சாதாரண எழுத்து ஃபைலாகத் தெரிந்தது. கிளிக் செய்தால் ஓடியதோ ஒரு புரோகிராம். போட்டோக்களை அழித்து, அட்ரஸ் புத்தகத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் தன்னையே அனுப்பிக்கொண்டது.

நம் ஊர் ஜெராக்ஸ் கடையில் செருகிய பென்டிரைவில் 'நியூ ஃபோல்டர்' வைரஸ் ஏறியதும் இதே வித்தைதான். படம் ஃபோல்டர், ஆள் எக்ஸ்இ. ஃபோல்டருக்கு எக்ஸ்டென்ஷனே கிடையாது என்பது தெரிந்திருந்து, அது கண்ணிலும் பட்டிருந்தால் யாரும் கிளிக் செய்திருக்க மாட்டார்கள்.

எனவே ஒரு நிமிடம் செலவழித்து அதை மாற்றிவிடுங்கள். விண்டோஸ் 7-ல் ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து, 'ஆர்கனைஸ்' பட்டனில் 'ஃபோல்டர் அண்ட் சர்ச் ஆப்ஷன்ஸ்', அதில் 'வியூ' பக்கம் போய், 'ஹைட் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று தொடங்கும் வரியில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால் போதும். ஷார்ட்கட்டின் எல்என்கே மட்டும் அப்போதும் தெரியாது. அதற்கு அடையாளம் ஐகானின் மூலையில் இருக்கும் குட்டி அம்புக்குறி. பென்டிரைவில் ஃபோல்டர் மேல் அந்த அம்பு இருந்தால் தொடாதீர்கள்.

இந்தப் பார்வை மொபைலுக்கும் தேவைப்படுகிறது. 'திருமண அழைப்பிதழ்' என்று வாட்ஸ்அப்பில் வரும் ஃபைலின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, ஆப். அழைப்பிதழ் என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வந்தாலும் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

அந்த டிக் மார்க்கின் தம்பியும் உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனிலேயே இருக்கிறது. ஒரு பிடிஎஃப்பைத் தொட்டால் கீழே 'ஜஸ்ட் ஒன்ஸ்', 'ஆல்வேஸ்' என்று இரண்டு கேட்குமே, அதுதான். தெரியாமல் 'ஆல்வேஸ்' கொடுத்து ஏதோ ஒரு விளம்பர ஆப்பில் மாட்டிக்கொண்டவர்கள், செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், அந்த ஆப்பைத் தேர்ந்தெடுத்து, 'ஓபன் பை டீஃபால்ட்' அல்லது 'செட் அஸ் டீஃபால்ட்' என்பதற்குள் உள்ள 'கிளியர் டீஃபால்ட்ஸ்' பட்டனை அழுத்துங்கள். அடுத்த முறை பிடிஎஃப்பைத் தொடும்போது போன் மறுபடியும் உங்களிடம் கேட்கும்.